ஊன்றுகோலின் விலையும் செலவும்

விலை வேறு, செலவு வேறு. மாட்டின் விலையைச் சந்தையிலேயே எண்ணிக் கொடுத்துவிட்டு வரலாம். வைக்கோலுக்கும் பிண்ணாக்குக்கும் நாள்தோறும் வீட்டிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேறுபாடு குடியானவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆயினும், நோயாளிகளுக்கும் முதியோர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் துணை செய்யும் கருவிகளைப் பற்றிப் பேச்சு வரும்போது, படித்தவர்களாகிய நாம் விலையை மட்டும் கேட்டுவிட்டு, செலவைக் கேட்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். அந்தச் செலவை எப்படி அளப்பது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். கணக்குத் தணிக்கையில் காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். ஆகையால் கணக்குப்பிள்ளையின் கண் கொண்டே இதைப் பார்க்கிறேன்.

துணைக்கருவி என்றவுடன் பெரிய யந்திரங்களை நினைக்க வேண்டாம். ஊன்றுகோல், மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி, செயற்கைக் கால், குளியலறைச் சுவரில் பதிக்கும் கைப்பிடி, மாத்திரைகளை வேளை பிரித்து வைக்கும் சிறு பெட்டி இவையெல்லாம் துணைக்கருவிகளே. உலக சுகாதார நிறுவனம் 2016-ஆம் ஆண்டில், எந்த நாடும் முதலில் கவனிக்க வேண்டியவை என்று இத்தகைய கருவிகள் 50-ஐப் பட்டியலிட்டது. 2022-இல் அந்த நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 250 கோடிக்கு மேற்பட்டோருக்கு இவற்றில் ஒன்றேனும் தேவைப்படுகிறது. செல்வ நாடுகள் சிலவற்றில் தேவைப்படுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கிடைக்கிறது. ஏழை நாடுகள் சிலவற்றில் நூற்றுக்கு மூன்று பேருக்கே கிடைக்கிறது. இடையில் கிடக்கும் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பணம் வேண்டும். பணம் தருகிறவர், "கொடுத்தால் என்ன கிடைக்கும்?" என்று கேட்பார். கேட்பது நியாயமே. விடை சொல்வதில்தான் சிக்கல் இருக்கிறது.

நன்றாக விடை சொன்ன ஆராய்ச்சி ஒன்றை முதலில் கூறுகிறேன். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்த தொழிலாளர்கள் 751 பேரை ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் கிட்டப் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. கொழுந்து கிள்ளுகிறவருக்குக் கிட்டப் பார்வைதானே மூலதனம்! சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் அவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆராய்ச்சி முடிந்த பின் கொடுப்பது என்று வைத்தார்கள். முடிவு 2018-இல் வெளியாயிற்று. கண்ணாடி அணிந்தவர்கள் நாளொன்றுக்குக் கிள்ளிய கொழுந்து, முன்பைவிட 9.84 கிலோ கூடியிருந்தது.

இந்த இடத்தில் கணக்கை மூடிவிட்டு, கண்ணாடியின் பயன் 9.84 கிலோ என்று எழுதிவிட எவருக்கும் ஆசை வரும். ஆனால் கண்ணாடி அணியாத பிரிவினரும் 4.59 கிலோ கூடுதலாகக் கிள்ளியிருந்தார்கள்! பருவம் செழித்தது, செடி தளிர்த்தது, அதற்கும் கண்ணாடிக்கும் சம்பந்தமில்லை. அந்த 4.59-ஐக் கழித்த பின் நிற்கும் 5.25 கிலோதான் கண்ணாடி செய்த வேலை. நூற்றுக்கு ஏறத்தாழ 22 பங்கு விளைவுப் பெருக்கம். மிகக் குறைந்த விலையுள்ள ஒரு கண்ணாடிக்கு இது மிகப் பெரிய பயன். ஒப்பிடுவதற்கு மறு பிரிவு இல்லாதிருந்தால், செடி செய்த வேலையையும் கண்ணாடியின் பேரிலேயே வரவு வைத்திருப்போம். ஒரு கருவியைக் கொடுத்த பின் நிகழும் நன்மைகள் எல்லாவற்றையும் அக்கருவியின் பெயரில் எழுதிக்கொள்ளும் அறிக்கைகள் பல வருகின்றன. அவற்றைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த 4.59 கிலோ நினைவுக்கு வரும்.

கொழுந்தைத் தராசில் நிறுக்கலாம். வீட்டுக்குள் இருக்கும் முதியவர் ஒருவரின் விஷயத்தில் எதை நிறுப்பது?

நான் குடியிருப்பது அபிராமபுரத்தில். தோட்டமும் தாழ்வாரமுமாக இருந்த பழைய வீடுகள் பலவும் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்ட பகுதி அது. கீழே கார்கள் நிற்கும். மேலே மனிதர்கள் வசிப்பார்கள். எங்கள் கட்டடத்தில் லிப்ட் உண்டு. ஆனால் லிப்டை அடைவதற்கு மூன்று படி ஏற வேண்டும். அந்த மூன்று படிகளைக் கட்டியவர் மனத்தில் என்ன நினைத்தாரோ தெரியாது. என் தமக்கையாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலற்றுப்போன பிறகு, அவரும் அவருடைய மகளும் எங்களோடு வந்து தங்கினார்கள். சக்கர நாற்காலி ஒன்று வாங்கினோம். விற்றவர் அளவெடுக்கவில்லை, கிடங்கில் இருந்ததைத் தந்தார். அது எங்கள் குளியலறைக் கதவைவிட அகலமாக இருந்தது.

தணிக்கைப் பழக்கம் விடுமா? குறிப்பேடு ஒன்றைத் திறந்து செலவுகளை எழுதத் தொடங்கினேன். நாற்காலியின் விலை ஒரே வரியில் அடங்கிவிட்டது. அதன் பின் வந்த வரிகள் பக்கத்தை நிரப்பின. கதவின் நிலையைப் பெயர்த்து அகலப்படுத்திய கூலி, படிகளின் மேல் போடப் பலகை, காற்று இறங்கிய டயர், பஞ்சு மெத்தை, மருத்துவமனைக்குப் போக நாற்காலியை மடித்து வைக்க இடமுள்ள பெரிய வாடகைக் கார், பகல் வேளைக்கு ஒரு பணிப்பெண் என்று வரிசை நீண்டது. ஒரு நாள் மாலை, தமக்கையாரின் மகள் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, நான் வேலையை விட்டதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?" என்று கேட்டாள்.

நேயர்களே, இத்துறை ஆராய்ச்சியின் கடினமான கேள்வி இதுவே. வீட்டார் தரும் உழைப்புக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாததைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நோயாளிக்குக் கருவியே வாங்கித் தராமல் மகளையும் மருமகளையும் கொண்டு தூக்கி நிறுத்தச் செய்வதே எல்லாவற்றிலும் மலிவான வழி என்று கணக்கு காட்டும். கருவியின் விலை மட்டும் கண்ணில் படும். அது மிச்சப்படுத்தும் உழைப்பு படாது. ஒரு கருவி வீண் செலவு என்று தீர்ப்புக் கூறும் ஆராய்ச்சியைப் படித்தால், நான் முதலில் தேடுவது வீட்டாரின் நேரம் எந்தப் பத்தியில் இருக்கிறது என்பதைத்தான்.

அந்த நேரத்துக்கு விலை வைக்கப் பொருளாதார நூலோர் இரு வழிகள் கூறுகிறார்கள். ஒன்று, அந்த நேரத்தில் அவர் வெளியே என்ன சம்பாதித்திருப்பார் என்று பார்ப்பது. மற்றொன்று, அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கூலி தரவேண்டும் என்று பார்ப்பது. முதல் வழி தர்க்கத்துக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அதன்படி, உத்தியோகம் பார்த்த மகளின் ஒரு மணி நேரம் நூற்றுக்கணக்கான ரூபாய். சம்பாதிக்காத எழுபது வயது மனைவியின் ஒரு மணி நேரம் பூஜ்யம். கணவனைப் புரட்டிப் படுக்க வைக்க அந்த அம்மையார் படும் பாடு பூஜ்யமா? நான் இரண்டாம் வழியையே மேற்கொள்வேன். அதிலும் குறை உண்டு. வேலையை விட்டவளின் பதவி உயர்வும் ஓய்வூதியமும் அதில் அகப்படமாட்டா. ஆயினும் உழைத்தவரை இல்லாதவராக்கும் குற்றம் அதில் இல்லை.

இத்தாலி நாட்டின் மிலான் நகரில், ஆந்திரிச் என்பவரும் அவருடைய தோழர்களும் 1998-இல் வெளியிட்ட ஒரு முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. கருவியின் விலை, பராமரிப்பு, அது சார்ந்த பணிகள் இவற்றோடு மனித உதவியையும் ஒரு பத்தியாக அவர்கள் வைத்தார்கள். அந்த உதவியையும் தரம் பிரித்தார்கள்: யாரும் செய்யக்கூடியது, உடல் வலுவோ பயிற்சியோ வேண்டுவது, தேர்ச்சி பெற்ற பணியாளரே செய்யவேண்டியது என்று. பிறகு, கருவி இருந்தால் பல ஆண்டுகளில் ஆகும் மொத்தச் செலவையும், கருவி இல்லாவிட்டால் அதே ஆண்டுகளில் ஆகும் மொத்தச் செலவையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் செலவு உண்டு என்பதை அந்த இரண்டாம் பத்தி காட்டிக்கொடுத்துவிடுகிறது. பல கருவிகளின் விஷயத்தில் அந்தப் பத்தியே பெருத்துக் காணும்.

பல ஆண்டுகள் என்றேன் அல்லவா? ஐந்து ஆண்டுகளுக்குப் பின் செலவாகும் ரூபாயை இன்றைய ரூபாயாக மாற்றிக் காண, ஆண்டுக்கு 3 சதவீதம் என்ற அளவில் தள்ளிக் கழிப்பது ஆராய்ச்சியாளரின் வழக்கம். அந்தக் கணக்கின் நுட்பத்தால் உங்களைத் துன்புறுத்தப் போவதில்லை. அதைவிடப் பெரிய பிழை வேறொரு மூலையில் கிடக்கிறது.

மூலை என்று சொன்னது வெறும் உவமை அன்று. 1993-இல் அமெரிக்காவில் பிலிப்ஸ், ஜாவோ என்ற இருவர், உடற்குறை உள்ள 227 பேரிடம் அவர்களுடைய கருவிகளைப் பற்றி விசாரித்தார்கள். நூற்றுக்கு 29.3 கருவிகள் கைவிடப்பட்டிருந்தன. ஏன் என்று ஆராய்ந்தபோது நான்கு காரணங்கள் தென்பட்டன. பயன்படுத்துகிறவரின் கருத்தைக் கேளாமல் தேர்ந்தெடுத்தது, கருவி சரியாக வேலை செய்யாதது, காலப்போக்கில் அவருடைய தேவையே மாறிப்போனது ஆகிய மூன்றும் எளிதில் விளங்குபவை. நான்காவது காரணம் வியப்பானது: கருவி மிகவும் எளிதாகக் கிடைத்துவிட்டது என்பது! சோதித்து, அளவெடுத்து, பழக்கிக் கொடுக்காமல் கையில் திணிக்கப்பட்ட பொருள் மூலைக்குப் போய்விடுகிறது.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தலைக்கு 6,000 ரூபாய் வீதம் பத்து நாற்காலிகளை ஒரு முகாமில் வழங்குவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 60,000. மூன்று மூலையில் கிடந்தால், பயனில் உள்ளவை ஏழு. அப்படியானால் ஓடுகிற நாற்காலி ஒன்றின் செலவு 6,000 அன்று, ஏறத்தாழ 8,570. ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துப் பழக்குவதற்குத் தலைக்கு 1,000 ரூபாய் கூடுதலாகச் செலவிட்டு, அதனால் ஒன்பது நாற்காலிகள் ஓடினால், ஒன்றுக்கு ஆகும் செலவு 7,780-க்குள் நின்றுவிடும். கூடுதலாகச் செலவழித்து மலிவாக முடித்தோம்! முகாம்களின் அறிக்கையில் வழங்கிய எண்ணிக்கை இருக்கும். ஓராண்டுக்குப் பின் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணிக்கையும் அதன் பக்கத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கைப் போட முடியும்.

இனி, செலவழிக்கிற கையும் மிச்சம் பிடிக்கிற கையும் வேறு வேறாக இருப்பதனால் விளையும் இடர் ஒன்று உண்டு. அடையாற்றுக்கு அப்பால், எங்கள் பகுதிக்கு அருகிலேயே, சென்னை ஐ.ஐ.டி.யில் மறுவாழ்வுக் கருவிகளுக்கான ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரைத் தாமாகவே எழுந்து நிற்கச் செய்யும் சக்கர நாற்காலியை அவர்கள் வடிவமைத்து, 'அரைஸ்' என்ற பெயரில் 2019-இல் வெளிக்கொணர்ந்தார்கள். அறிமுகமானபோது அதன் விலை ஏறத்தாழ 15,000 ரூபாய். சாதாரண நாற்காலியோடு ஒப்பிட்டால் இது அதிகம் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் நாள் முழுதும் அமர்ந்தே இருப்பவருக்கு வரும் படுக்கைப் புண்ணை எண்ணிப் பாருங்கள். எலும்பு வரை அழுகிப்போன புண்ணுக்கு வாரக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கை, கட்டு, மருந்து, சில வேளை அறுவை. அவ்வப்போது எழுந்து நிற்பது உடலில் ஒரே இடத்தில் விழும் அழுத்தத்தைக் குறைக்கிறது. நாற்காலிக்குப் பணம் தருவது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. புண் வராததனால் மிச்சம் அடைவது மருத்துவத்துறை. ஒரு துறையின் பேரேட்டை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு மற்றத் துறையின் லாபம் தெரிவதில்லை; அவர்மேல் குற்றமும் இல்லை. சமுதாயம் முழுவதையும் ஒரே குடும்பமாகக் கருதிப் போடும் கணக்கில்தான் இரு பத்திகளும் சந்திக்கும்.

பணத்தை விட்டு, நலத்தை அளக்கும் இடத்துக்கு வருவோம். சிகிச்சைகளை ஒன்றோடொன்று ஒப்பிட, உலகெங்கும் ஆராய்ச்சியாளர் கையாளும் வினாத்தாள் ஒன்று இருக்கிறது. நடமாட்டம், தன்னைத் தானே பேணிக்கொள்ளல், அன்றாடக் காரியங்கள், வலி, மனக்கவலை என்று ஐந்தே கேள்விகள். இந்திய மக்களின் மதிப்பீட்டுக்கு ஏற்ப அதற்கு எண்கள் வகுக்கும் ஆராய்ச்சியும் 2022-இல் வெளியாகியிருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் முதற் கேள்வியைப் படித்துப் பாருங்கள்: நடப்பதில் உமக்குத் தொல்லை உண்டா என்பது அது.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற அம்மையார் இருந்தார். 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். பிறகு, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக முதல்வராக நின்றவரும் அவரே. அந்த நிலையம் இன்றும் நடக்கிறது. அவரிடம் அந்த முதற் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும்? 'என்னால் நடக்கவே இயலாது.' நாற்காலி வருவதற்கு முன்பும் அதே விடை. வந்த பின்பும் அதே விடை. அந்தக் கேள்வியைப் பொறுத்தவரை நாற்காலியின் பயன் பூஜ்யம். மற்றக் கேள்விகளில் ஏதோ கொஞ்சம் பதிவாகியிருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நடக்க முடியாதவர்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதற்காகவே உண்டான கருவியை, 'நடக்கிறாயா?' என்று கேட்டு அளப்பது, தோணியை மதிப்பிட, ஏறியவருக்கு நீச்சல் வந்துவிட்டதா என்று கேட்பதை ஒக்கும். போக விரும்பிய இடத்துக்குப் போக முடிகிறதா என்று கேட்க வேண்டும் என இத்துறையினர் சிலர் வாதாடுகிறார்கள். அவர்கள் கட்சியில் நானும் சேருவேன்.

விலையும் நிலையானது அன்று என்பதை மதுரை நமக்குக் காட்டியிருக்கிறது. கண்புரை நீக்கிய பின் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லை, ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒன்று நூறு டாலருக்கும் மேல். அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 1992-இல் மதுரையிலேயே அதைச் செய்யத் தொடங்கியபின், விலை பத்து டாலருக்குக் கீழே இறங்கியது. பிறகு இன்னும் இறங்கியது. வில்லை ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது என்று 1990-இல் யாராவது கணக்கிட்டுத் தீர்ப்பளித்திருந்தால், அன்றைய எண்களின்படி அது பிசகாக இருந்திராது. இரண்டே ஆண்டுகளில் எண்கள் மாறிவிட்டன.

இதற்கு எதிரிடையான உதாரணமும் உண்டு. பிறவியில் காது கேளாத குழந்தைக்கு உட்செவியில் பொருத்தும் கருவிக்கு, 2014-இல் திருத்தப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்படி ஒன்றுக்கு 6 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைத்தது. தமிழ்நாட்டு அரசின் காப்பீட்டுத் திட்டமும் இதைச் செய்து வந்திருக்கிறது. பெருமைப்படத் தக்கதே. ஆனால் காதின் வெளிப்புறம் அணியும் பகுதிக்கு மின்கலம் வேண்டும். கம்பி அறுந்தால் மாற்ற வேண்டும். பல ஆண்டுகளில் அப்பகுதியே பழுதாகும். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும். தாய் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் பயிற்சி நிலையத்துக்குப் போய், காத்திருந்து, அழைத்து வரவேண்டும். ஒரு நாள் இரு நாள் அல்ல, ஆண்டுக்கணக்கில். ஆறு லட்சத்தைச் செலவிட்டுவிட்டு, கம்பி வாங்க வழியில்லாமல் கருவி மௌனமாகிவிட்டால், அந்தக் குழந்தைக்கு மீண்டும் செவியடைத்துவிடுகிறது. அறுவை நாளோடு கணக்கை முடித்துக்கொள்ளும் ஆராய்ச்சி, குழந்தை பேசிற்றா என்பதைச் சொல்லாது.

நம் நாட்டில் இத்தகைய மதிப்பீடுகளுக்கென்று மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017-இல் ஓர் அமைப்பு ஏற்பட்டது. அது முதலில் எடுத்துக்கொண்டவற்றுள் நான் சொன்ன கண்வில்லையும் ஒன்று. சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் அதைவிடச் சிரமமானவை. ஏனெனில் வில்லை கண்ணுக்குள் போனபின் தெருவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நாற்காலியின் பயனோ தெருவில் இருக்கிறது.

எங்கள் பகுதியிலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை மெரினாக் கடற்கரை. சக்கர நாற்காலி மணலில் புதையும் ஆதலால், அதில் வருகிறவர்கள் கடலைச் சாலையிலிருந்தே பார்த்துத் திரும்புவார்கள். 2022-ஆம் ஆண்டு நவம்பரில், 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைப் பாதை ஒன்று அலைக்கருகே வரை போடப்பட்டது. செலவு 1 கோடியே 14 லட்சம் ரூபாய். திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. பழுது பார்த்து மறுபடியும் திறந்தார்கள். அந்தப் பழுதும் செலவே. கடலோரத்தில் கட்டுகிறவர் முன்னதாகவே அதற்கு ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். 2024-இல் நகரில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. சக்கர நாற்காலியோடு ஏறுவதற்குச் சாய்பலகை அவற்றில் உண்டு. ஆராய்ச்சியாளர் நாற்காலியின் பயனை 2021-இல் அளந்திருந்தால் ஒரு விடையும், 2024-க்குப் பின் அளந்தால் வேறு விடையும் வரும். நாற்காலி அதே நாற்காலிதான்.

என் தமக்கையார் அந்தப் பலகைப் பாதையில் ஒரு மாலை போய் வந்தார். வாடகைக் கார், போக வர, குறிப்பேட்டில் செலவுப் பத்தியில் இருக்கிறது. எதிர்ப் பத்தியில், 'கடல்' என்று அவருடைய மகள் எழுதி வைத்திருக்கிறாள், தொகை எழுதவில்லை.